கோவாப் பீப்பாவுக்கு ஒரு கண்ணாடிக்கூடு

உயிரோடு இருந்த காலத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்காத நிலக்கரிச் சுரங்கத்துக்கு, செத்த பிறகு எங்கள் ஊரில் மாலை மரியாதை நடக்கிறது. ஜெர்மனியின் ஆஹெனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம் வடக்கே வந்தால் எங்கள் ஊர். சுரங்கம் மூடிக் கால் நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. கரி அப்பிய முகத்தோடு மேலே வந்தவர்கள் உடுப்பு மாற்றிக் குளித்த மண்டபம் இப்போது அருங்காட்சியகம். குளியல் குழாய்களுக்கு மேலே மஞ்சள் விளக்குப் போட்டிருக்கிறார்கள். அதன் கீழே நின்று சோடிகள் கல்யாணப் படம் எடுக்கின்றன.

நான் அந்தச் சுரங்கத்தின் கன்டீனில் பத்து வருடம் வேலை செய்தவள். பிறகு ஆஸ்பத்திரிச் சமையலறையில் இருபது வருடம். இப்போது ஓய்வூதியம், முழங்கால் நோ, இரண்டு பேரப்பிள்ளைகள். என் வேலையைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை, போன வருடம் ஷாலினி போன் எடுக்கும்வரை.

ஷாலினி எனக்குத் தெரிந்த குடும்பத்துப் பிள்ளை. இங்கேயே பிறந்து, பான் நகரத்தில் படித்து, அந்த அருங்காட்சியகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

"அன்ரி, நீங்கள் சுரங்கத்துக் கன்டீனில வேலை செய்தனீங்கள் எண்டு அம்மா சொன்னவ. உண்மையோ?"

"ஓம் பிள்ளை. ஏன், அங்கத்தைய கரண்டி ஏதும் காணேல்லையோ?"

சிரித்தாள். பிறகு விளக்கினாள். குரோவாத்திய நாட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த சனங்களின் சாப்பாட்டுப் பாரம்பரியத்தைப் பற்றி ஒரு கண்காட்சி வைக்கிறார்கள். அதில் ஒரு நாள், பழைய ஆட்கள் மேடையில் இருந்து கதை சொல்ல வேண்டும். ஆளுக்குப் பத்து நிமிடம்.

"கொஞ்சம் பொசிட்டிவா இருந்தால் நல்லம் அன்ரி."

பொசிட்டிவாம். சரி, முதலில் வந்து பார்க்கிறேன் என்றேன்.

வாசலில் ஆளுயரப் பலகை. 'ஒரே மேசை, ஒரே பசி' என்று எழுதியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கன்டீனில் அதிகாரிகளுக்குக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வெள்ளைத் துணி விரித்த மேசை. துருக்கிக்காரருக்கு ஜன்னலோரம். குரோவாத்தியரும் சேர்ந்த யூகோஸ்லாவியர்களுக்குக் கதவோரம், காற்றடிக்கும் இடம். அவர்கள் நாட்டில் சண்டை தொடங்கியதும் அந்த மேசையும் இரண்டாக, மூன்றாகப் பிரிந்தது. அந்த ஒரே மேசை எது என்று யாராவது காட்டினால், இந்த வயதிலும் நான் போய்த் துடைத்துவிட்டு வருவேன்.

உள்ளே போனால் கண்ணாடிக்கூடு ஒன்று. அதற்குள் கோவா ஊறப்போடும் ஒரு மரப் பீப்பா; கோவாவை இந்தியத் தமிழர் முட்டைக்கோஸ் என்பார்கள். இடுப்பளவு உயரம், மூன்று இரும்பு வளையம், அடியில் மரக்குழாய். நடு வளையத்தில் ஒரு நெளிவு. அந்த நெளிவை எனக்குத் தெரியும். பக்கத்து அட்டையில் இப்படி இருந்தது: 'குரோவாத்தியக் கோவாப் பீப்பா. கன்டீனின் முன்னாள் நிர்வாகி லோமன் அவர்களின் குடும்பம் வழங்கிய அன்பளிப்பு.'

"இது ஆரின்ர எண்டு தெரியுமோ?" என்று ஷாலினியைக் கேட்டேன்.

"லோமன் எண்டவரின்ர. மகள் கொண்டுவந்து தந்தவ. கனகாலம் தோட்டத்தில பூ வைச்சிருந்தவையாம்."

"இது காத்தாவின்ர."

"காத்தா ஆர் அன்ரி?"

குரோவாத்தியச் சாப்பாட்டுக்கு மூன்று அறை ஒதுக்கியிருக்கிறார்கள். காத்தா யார் என்று அதில் ஒருவருக்கும் தெரியாது.

*

எண்பதுகளின் நடுவில் இந்த நாட்டுக்கு வந்தோம். அகதி முகாம், விண்ணப்பம், காத்திருப்பு. எல்லாரும் எழுதி அலுத்த கதை, விடுகிறேன். மூன்று வருடம் கழித்து எனக்கு வேலை அனுமதி கிடைத்தது. அது வேலையோடு கட்டிய அனுமதி. வேலை போனால் அதுவும் போகும். அது போனால் நாட்டில் இருக்க விடும் கடதாசியும் ஆட்டம் காணும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளிநாட்டவர் அலுவலகத்தில் போய் நிற்க வேண்டும்.

கன்டீனின் சூட்டு அடுப்புப் பகுதிக்குப் பொறுப்பு காத்தா. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். புருஷன் யூரே நிலத்துக்குக் கீழே வேலை. முதல் நாள் என் பெயரைக் கேட்டார். மாலதி, மாலா என்று கூப்பிடலாம் என்றேன். ஒரு கணம் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அவர்கள் மொழியில் மாலா என்றால் சின்னவள் என்று அர்த்தமாம். அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்த்துச் சிரிக்க மாதக்கணக்கானது.

நாங்கள் பேசியது ஜெர்மன்தான். அவருடையதும் உடைசல், என்னுடையதும் உடைசல். இங்கே எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

தயவுசெய்து என்ற சொல் காத்தாவிடம் கிடையாது. நாடியால் காட்டுவார்: அது, இது, அங்கே. காலையில் நகம் பார்ப்பார். நான் வெட்டிய வெங்காயம் தடித்திருந்தால் பேசாமல் குப்பையில் கொட்டிவிட்டுப் புது வெங்காயத்தை முன்னால் வைப்பார். வேலை சரியாக இருந்தாலும் பேசமாட்டார், அடுத்த வேலையைக் காட்டுவார். அதுதான் பாராட்டு என்று விளங்க எனக்கு ஒரு வருடம் எடுத்தது.

அந்தப் பீப்பா நிலவறையில் இருந்தது. ஐப்பசி பிறந்ததும் கோவா வரும். இந்தியத் தமிழர் முட்டைக்கோஸ் என்பார்கள். கல்லுப்போல இறுகிய, தட்டையான தலைகளாகப் பார்த்து எடுப்பார். காம்பைச் சுற்றிக் கூர்க்கத்தியைச் சாய்த்து இறக்கி ஒரு சுற்று. தண்டு பம்பரம்போல வெளியே வரும். அந்தக் குழியில் கல்லுப்பு அடைய வேண்டும், மேல்பக்கம் வழியும்வரை. குழி மேலே பார்க்கும்படி ஒவ்வொன்றாகப் பீப்பாவுக்குள் நெருக்கி அடுக்க வேண்டும், தலைக்கும் தலைக்கும் இடையில் விரல் போகக்கூடாது. நடுவில் ஒரு பிடி காய்ந்த சோளம், நிறத்துக்கு. கடுகுபோல உறைக்கிற ஒரு துண்டுக் காரக்கிழங்கு. பிறகு உப்புத் தண்ணீர். மேலே பலகை, பலகைக்கு மேலே சுடுநீரில் அவித்த ஆற்றுக்கல்.

நாலாம் நாள் நுரை கட்டும். அன்றிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் அடிக்குழாயால் தண்ணீரை இறக்கி மேலால் ஊற்ற வேண்டும். மறந்தால் அடியில் கிடப்பது சளிபிடித்துவிடும். ஆறு கிழமையில் இலை மஞ்சள் கண்ணாடிபோல வரும். மடித்தால் முறியாது, வளையும். காத்தா ஒரு நரம்பைக் கிழித்து வாயில் போட்டு, கண்ணை மூடிச் சப்புவார். மூடிய கண் திறக்கும்வரை நிலவறையில் ஒருவரும் மூச்சுவிடக்கூடாது.

அந்த இலையில் செய்வதுதான் சர்மா. எங்கள் ஊரில் சர்மா என்றால் கோயில் ஐயர். இங்கே பண்டியிறைச்சியும் மாட்டிறைச்சியும் அரிசியும் சுற்றின கோவா இலை. இதைக் கேட்டு என் மனுசன் இரண்டு நாள் சிரித்தார். இலையின் தடித்த நரம்பைச் சீவித் தட்டையாக்கி, இறைச்சியை வைத்து உருட்டி, இரண்டு நுனியையும் சுட்டுவிரலால் உள்ளே குத்தி அடைக்க வேண்டும். கிடாரத்தின் அடியில் அரிந்த கோவா, அதன்மேல் சர்மா, இடையிடையே புகைபோட்ட விலாவெலும்பு. தண்ணீர் மூடி நிற்க வேண்டும், கொதிக்கக்கூடாது, முணுமுணுக்க வேண்டும். அகப்பை போடவே கூடாது. இரண்டு பேர் இரண்டு காதைப் பிடித்துக் கிடாரத்தைக் குலுக்குவோம். இறக்க முன்னம் நடுவில் கிடக்கும் ஒன்றில் வெப்பமானி ஊசியைக் காத்தா தன் கையால் குத்திப் பார்ப்பார். ஒவ்வொரு முறையும்.

எங்கள் ஆட்களுக்கு நான் பண்டி மாடு தொடுகிறவள். கோயிலில் அன்னதானத்துக்குக் காய் வெட்டப் போனால், "நீங்கள் இருங்கோ மாலதியக்கா, ஆக்கள் போதும்" என்பார்கள். அதைச் சொன்ன அம்மாவின் மனுசன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் நின்று துருக்கிக்கடை இறைச்சிப் பாண் தின்னுவதை நான் கண்டிருக்கிறேன். தன் மனுசியின் பக்தியை அவர் சாஸ் ஊற்றித் தின்றுகொண்டிருந்தார்.

*

இனி லோமன். அந்த ஆளை 'அவர்' என்று எழுதக் கை வரவில்லை. 'அவன்' என்றே எழுதுகிறேன்.

கன்டீன் நிர்வாகி. சமையல் தெரியாது, சட்டம் தெரியும் என்று நினைப்பு. வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு மூடியைத் திறந்து மணந்துவிட்டுப் போவான். சர்மா நாளில் சனம் வரிசையில் நின்று முண்டியடிப்பதை அவனால் தாங்க முடியவில்லை. யூகோக் கோவா என்பான். ஆனால் மேலிடத்திலிருந்து யாரும் வந்தால், "எங்கட வீட்டுத் தயாரிப்பு" என்று அதைத்தான் வைப்பான்.

மார்கழி, அதாவது டிசம்பர், நாலாம் திகதி சுரங்கத் தொழிலாளரைக் காக்கும் புனித பார்பராவின் நாள். கன்டீனுக்கு அதுதான் பெரிய திருவிழா. நான் சேர்ந்து ஆறாவது வருடம், அன்றைக்கு ஓய்வுபெற்ற பழைய ஆட்களையும் கூப்பிட்டிருந்தார்கள். காத்தா மூன்று கிடாரம் சர்மா வைத்தார். லோமன் அன்று தன் கையால் ஓர் இனிப்புச் செய்தான்: பச்சை முட்டை வெள்ளைக்கருவை அடித்து, பாலாடையும் ரம்மும் சேர்த்த வெள்ளைக் களி. குளிரறைக்குள் பியர்ப் பெட்டிகளை அடுக்கியிருந்ததால் இனிப்புத் தட்டுகளுக்கு இடமில்லை. காலையிலிருந்து நடைபாதையில், வெந்நீர்க் குழாய்க்குப் பக்கத்தில் அவை இருந்தன.

காத்தா அதைக் கண்டு நின்றார்.

"பச்சை முட்டை. உள்ளுக்கு வை."

"இது ஜெர்மன் இனிப்பு. உன்ர கோவா இல்லை. எனக்குப் படிப்பிக்காதே" என்றான் லோமன்.

காத்தா தோளைக் குலுக்கிவிட்டு அடுப்புக்குப் போனார். அந்த இனிப்பை அவர் தொடவில்லை, யூரேயையும் தொடவிடவில்லை. நானும் தொடவில்லை.

கன்டீனில் ஒரு சட்டம் இருந்தது. கொடுக்கிற ஒவ்வொரு சாப்பாட்டிலும் ஒரு கரண்டி எடுத்து, மூடியுள்ள சின்னப் பேணியில் போட்டு, திகதியும் பெயரும் எழுதி, எடுத்தவர் கையெழுத்து வைத்து, உறைபெட்டியில் ஒரு கிழமைக்கு மேல் வைத்திருக்க வேண்டும். யாருக்கும் நோய், வருத்தம் வந்தால் அந்த மாதிரியைத்தான் சோதிப்பார்கள். அது என் வேலை. அன்றைக்கு சர்மா, உருளைக்கிழங்கு, பாண், இனிப்பு, நாலுக்கும் எடுத்து ஒட்டினேன்.

மறுநாள் மத்தியானத்திலிருந்து ஆட்கள் விழத் தொடங்கினார்கள். வாந்தி, வயிற்றோட்டம், காய்ச்சல். ஐம்பது அறுபது பேர். ஒரு பழைய தொழிலாளிக் கிழவர் மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்து, மயிரிழையில் தப்பினார்.

அடுத்த நாள் காலை வேலைக்குப் போனால் பின்சமையலறையில் தண்ணீர் ஓடும் சத்தம். லோமன் சுடுநீர்க் குழாயின் கீழ் ஒரு சின்னப் பேணியைப் பிடித்துக் கழுவிக்கொண்டிருந்தான். மூடி பக்கத்தில் கிடந்தது. அதில் என் கையெழுத்து.

அவன் அந்தரப்படவில்லை. குழாயைப் பூட்டினான். கை துடைத்தான்.

"மாலா, இனிப்புக்கு நீ மாதிரி எடுக்கேல்லை. அப்பிடித்தானே?"

நான் மூடியைப் பார்த்தேன்.

"உன்ர வேலை அனுமதிப் படிவம் என்ர மேசையில கிடக்கு. நான் இண்டைக்குக் கையெழுத்து வைக்கவேணும்."

அவ்வளவுதான் சொன்னான். வெருட்டவில்லை, குரல் உயர்த்தவில்லை. நல்ல மனுசனைப்போலச் சொன்னான்.

பத்து மணிக்குச் சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தா. எங்கள் எல்லாரையும் சாப்பாட்டு மண்டபத்தில் இருத்தி விசாரித்தா. சர்மா, உருளைக்கிழங்கு, பாண் மூன்றுக்கும் மாதிரி இருந்தது. நாலாவது எங்கே?

"இனிப்புக்கு மாதிரி எடுத்தனீங்களோ?" என்று என்னைக் கேட்டா.

நான் வாய் திறக்க முன்னம் காத்தா சொன்னார்: "எடுத்திருப்பாள். மாலா ஒருநாளும் தவறவிட்டதில்லை."

ஆறு வருடத்தில் என் வேலையை அவர் வாயால் புகழ்ந்தது அந்த ஒரு முறைதான். நான் தரையைப் பார்த்தேன்.

"ஞாபகமில்லை" என்றேன். "எனக்கு ஜெர்மன் வடிவாத் தெரியாது."

பிள்ளையின் ஆசிரியையோடு சண்டை பிடித்து வெல்லும் அளவுக்கு எனக்கு அப்போதே ஜெர்மன் தெரியும். தெரியாத பாஷையைப்போல வசதியான ஒளிப்பிடம் அகதிக்கு வேறில்லை. கோழைத்தனத்துக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

காத்தா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகக்கூட அல்ல. நான் வெட்டிய தடித்த வெங்காயத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

இரவு வேலைக்குப் போகவேண்டிய யூரே படுக்காமல் அங்கே வந்து கத்தினார். "நான் பதினொரு சர்மா சாப்பிட்டனான். இனிப்பைத் தொடேல்லை. பாருங்கோ, நிக்கிறன்!"

"உங்கட வயிறு எல்லாத்துக்கும் பழகின வயிறு" என்றான் லோமன். சிலர் சிரித்தார்கள்.

மாதிரி இல்லாமல் இனிப்பை ஒருவரும் குற்றம் சொல்ல முடியாது. சர்மா மாதிரியில் கிருமி இல்லை என்றுதான் பிறகு முடிவு வந்தது. ஆனால் அதற்குள் லோமன் அந்தப் பெண்ணை நிலவறைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பீப்பாவைக் காட்டியிருந்தான். மரப் பாத்திரம், அனுமதி இல்லை, பதிவு இல்லை. ஆறு வருடமாக அதில் ஊறியதைத் தன் வீட்டுத் தயாரிப்பு என்று பெருமை பேசியவனுக்கு அன்றைக்குத்தான் அது மரம் என்று தெரிந்தது. அறிக்கையில் பீப்பா வந்தது, முட்டை வரவில்லை. காத்தாவுக்கு வேலை போயிற்று.

தொழிலாளர் சபை என்று ஒன்று இருந்தது. சுரங்கமே மூடப்போகிறது, ஏன் வீண் பிரச்சினை என்று அது அறிவுரை சொன்னது. காத்தா கத்தியையும் ஏப்ரனையும் எடுத்துக்கொண்டு போனார். பீப்பாவைக் கொண்டுபோக லோமன் விடவில்லை, விசாரணைப் பொருளாம். அது பிறகு அவன் தோட்டத்தில் பூப்பூத்தது.

என் படிவத்தில் கையெழுத்து வந்தது. கூடவே காத்தாவின் இடமும் வந்தது. ஓம், நான் அதை எடுத்தேன். நாலு வருடம், சுரங்கம் மூடும்வரை, அவருடைய அடுப்பில் நின்று தகரத்தில் வந்த கோவாவைச் சூடாக்கிக் கொடுத்தேன். சர்மா கேட்டவர்களுக்கு, அது இப்போது இல்லை என்றேன்.

பிறகு ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போனால், அங்கே நடைபாதை துடைக்கிறவர் காத்தா. அவர் இரண்டாம் மாடியில் நிற்கும் நாட்களில் நான் சரக்கு லிப்டில் போய் வந்தேன். முழங்கால் ஏலாமல் அவர் வேலையை விட்டு நிற்கும்வரை, ஐந்து வருடம்.

*

அருங்காட்சியகத்திலிருந்து வந்த அந்தக் கிழமையே காத்தா வீட்டுக்குப் போனேன். என் வீட்டிலிருந்து மூன்று பஸ் தரிப்பு. முப்பது வருடத்தில் ஒருமுறையும் போகாத மூன்று தரிப்பு.

கதவைத் திறந்தார். எழுபத்தாறு வயது. தலை முழுக்க வெள்ளை. அதே நாடி.

"மாலா. இண்டைக்குச் சரக்கு லிப்ட் பழுதோ?"

உள்ளே கூப்பிட்டு இருத்தினார். கோப்பி வைக்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன்: சுடுநீர்க் குழாய், பேணி, மூடியில் இருந்த கையெழுத்து, மேசையில் கிடந்த படிவம்.

"தெரியும்" என்றார்.

"தெரியுமோ?"

"மாதிரி நீ எடுத்திருப்பாய். உறைபெட்டியில இல்லை. அப்ப அதை அங்கயிருந்து ஆர் எடுத்தது? இதுக்குப் பெரிய மூளை வேணுமோ? நாலு பேரிட்டச் சொன்னன். ஒருத்தரும் எழுதேல்லை. நீ சொல்லியிருந்தா எழுதியிருப்பினம்."

"எனக்கு அந்தக் கடதாசி..."

"அதுவும் தெரியும். எனக்கும் அப்பிடி ஒரு கடதாசி இருந்தது." மேசைத் துணியின் சுருக்கை நீவினார். "லோமனில எனக்குக் கோபமில்லை. பாம்பு கொத்தும், அது அதின்ர வேலை. உன்னிலதான் கோபம்."

பிறகு நான் அறியாத ஒன்றைச் சொன்னார். அந்த வருடம்வரை, நத்தாருக்கு முந்திய நாள் அவர்களுடைய தேவாலயத்தில் எல்லாருக்கும் சமைத்தது அவர். அந்த மார்கழியில் ஒருவரும் கூப்பிடவில்லை. அடுத்த மார்கழியும் இல்லை. தன் சொந்தச் சனம், தன் மொழி பேசுகிற சனம், தன் கையால் வாங்கிச் சாப்பிடப் பயந்தது என்றார். யூரே கரித்தூசி நிறைந்த நெஞ்சோடு சாகும்வரை, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் பதினொரு சர்மாக் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தாராம். "மூச்சு இல்லை. ஆனா அதைச் சொல்லுறதுக்கு மட்டும் மூச்சு வந்திடும்."

"நான் என்ன செய்யிறது காத்தா?"

"எனக்குச் சொல்லி என்ன, எனக்குத் தெரியும். தெரியாதவைக்குப் போய்ச் சொல்லு."

பால்கனியில் ஒரு நீலப் பிளாஸ்டிக் பீப்பா நின்றது. மூடிக்கு மேலே கல். அதே மணம்.

*

கதை சொல்லும் நாளன்று மண்டபம் நிறைந்திருந்தது. ஆளுக்கொரு சின்னக் கண்ணாடிப் போத்தல் கொடுத்தார்கள். அதற்குள் பீற்றூட் நுரை, ஏதோ தானியம், மேலே ஒரு கீரைத் தளிர். 'சர்மா, புதிய பார்வையில்' என்று அட்டை. முன்வரிசையில் லோமனின் மகள். கடைசி வரிசையில், கோட்டுக் கழற்றாமல், காத்தா.

எனக்கு முன்னால் பேசிய ஒருவர், கன்டீனில் எல்லாரும் ஒரு குடும்பமாக இருந்ததாகச் சொன்னார். அவர் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சாப்பிட்டவர். குடும்பத்தில் மாமனார் இருந்த பக்கம்.

நான் ஏறினேன். பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் சொன்னேன், நல்ல ஜெர்மனில். நான் பொய் சொன்னதையும், அந்த இடத்தை எடுத்ததையும் சேர்த்து.

லோமனின் மகள் எழும்பினா. "என்ர அப்பா உயிரோட இல்லை. அவரால மறுமொழி சொல்ல ஏலாது."

"காத்தா அப்ப உயிரோட, அந்த அறைக்குள்ளதான் நிண்டவ" என்றேன். "அவவின்ர சொல்லை ஒருத்தரும் எழுதேல்லை."

நிகழ்ச்சி நடத்தியவர் கழுத்துச் சால்வையைச் சரிசெய்தார். "மிகவும் உணர்வுபூர்வமான ஒரு நினைவு. நன்றி" என்றார். சனம் கைதட்டியது. ஒரு மனுசியின் பெயரைக் கெடுத்த கதையைக் கேட்டுவிட்டு, பிள்ளைகள் பாட்டுப் பாடி முடித்ததைப்போலக் கைதட்டியது.

அப்போது பின்னாலிருந்து கதிரை இழுபடும் சத்தம். காத்தா எழும்பி நின்றார். ஒரு கையில் போத்தல்.

"இதுக்குள்ள கோவா எங்க?"

முன்வரிசை திரும்பிப் பார்த்தது.

"என்ர பெயர் காத்தா. அந்தப் பீப்பா என்ர. என்ர தகப்பன் செய்து ரயிலில அனுப்பினது. அதில ஊறினதைத் திண்டு ஒருத்தரும் நோயில விழேல்லை. இதை எழுதி ஒட்டுங்கோ."

போத்தலைக் கதிரையில் வைத்துவிட்டு வெளியே போனார். அதற்கு ஒருவரும் கைதட்டவில்லை.

இரண்டு கிழமை கழித்து ஷாலினி போன் எடுத்தாள். ஒலிப்பதிவில் என் பத்து நிமிடத்தையும் காத்தாவின் பேச்சையும் வெட்டிவிட்டார்களாம்.

"டோன் பொருந்தேல்லையாம் அன்ரி. எனக்கு வெக்கமாக் கிடக்கு."

"வெக்கப்பட்டுக் கொண்டிராத பிள்ளை. அந்த அட்டையை மாத்த என்ன செய்யவேணும்?"

"அதுக்கு ஒரு அன்ட்ராக் குடுக்கவேணும். கண்டவை ஆரும் எழுத்தில சாட்சி சொல்லவேணும்."

இந்த நாட்டில் எதற்கும் அன்ட்ராக், விண்ணப்பம். இந்த ஒன்றுக்கு நான் சந்தோசமாக உட்கார்ந்தேன். மகன் திருத்தித் தாறன் என்றான், வேண்டாம் என்றேன். என் கையால், என் பிழைகளோடு, ஜெர்மனில் இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்து வைத்தேன். முப்பது வருடம் பிந்திய சாட்சி.

மூன்று மாதம் கழித்துப் புது அட்டை வந்தது. காத்தாவின் பெயர் இருந்தது. 'கருத்து வேறுபாடு காரணமாக வேலையிலிருந்து விலகினார்' என்றும் இருந்தது. கருத்து வேறுபாடாம்! பச்சை முட்டைக்கும் வெந்நீர்க் குழாய்க்கும் என்ன கருத்து? ஷாலினி இரண்டாம் முறை எழுதினாள், மேலதிகாரியோடு சண்டையும் பிடித்தாள். கடைசியில் போன வைகாசியில் மாற்றினார்கள்: 'தான் செய்யாத தவறுக்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டார்.'

பார்க்க நாங்கள் இருவரும் போனோம். காத்தா மூக்குக்கண்ணாடி போட்டு, சொல் சொல்லாக வாசித்தார். தன் குடும்பப் பெயரின் கடைசி எழுத்துக்கு மேலே சின்னக் கோடு விடுபட்டிருப்பதாகச் சொன்னார். குறித்துக்கொண்டார்கள். பீப்பாவைத் திரும்பத் தருவது கஷ்டம், அது பதிவேட்டில் ஏறிவிட்டது என்று அந்தச் சால்வைக்காரர் இழுத்தார்.

"வைச்சிருங்கோ" என்றார் காத்தா. "அது இல்லாமலும் எனக்குக் கோவா புளிச்சுக்கொண்டுதான் இருக்கு."

வெளியே வந்து பஸ் தரிப்பில் நின்றோம். நல்ல வெயில். காத்தா அங்கிருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்தார், பக்கத்தில் தன் பையை வைத்திருந்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். இனிக் கேட்காவிட்டால் ஒருநாளும் கேட்கமாட்டேன் என்று பட்டது.

"காத்தா, என்னை மன்னிச்சிட்டீங்களோ?"

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"இல்லை" என்றார்.

பிறகு பையைத் தூக்கி மடியில் வைத்து, பக்கத்தில் இடம் விட்டார். "பஸ்ஸுக்கு இன்னும் எட்டு நிமிசம் கிடக்கு. இரு."